நியூட்ரான் தன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரானாக மாறுகிறதா என்று தேடும் சோதனையில் காந்தப்புலத்தை ஏன் தடுக்கிறார்கள்?

பூமியின் காந்தப்புலமே அந்த மாற்றத்தை அடக்கிவிடும் என்பதால்தான். இரண்டு துகள்களின் காந்தத் திருப்புத்திறனும், அதாவது சிறு காந்தம்போல் நடந்துகொள்ளும் தன்மையும், எதிரெதிர். புலம் இருந்தால் அவற்றின் ஆற்றல்கள் விலகிப்போகும். மாற்றம் வளர வழியே இருக்காது. அதனால் நியூட்ரான்கள் பறக்கும் வெற்றிடக் குழாயைக் காந்தக் கவசத்தால் மூடி, புலத்தைச் சுமார் 10 நானோடெஸ்லாவுக்குக் குறைக்கிறார்கள்.

பறக்கும் நேரம் இரட்டித்தால் மாறும் வாய்ப்பு நான்கு மடங்காகும். ஆகவேதான் மெதுவாகச் செல்லும் குளிர் நியூட்ரான்களும் நீளமான குழாயும்.

என்னை வியக்கவைப்பது குழாயின் முடிவில் இருக்கும் மெல்லிய கார்பன் தகடு. நியூட்ரான்கள் ஏறக்குறைய எல்லாமே அதை ஊடுருவிப் போய்விடும். எதிர்நியூட்ரான் வந்தாலோ அங்கேயே அழிந்து, சராசரியாக ஐந்து பையான் என்னும் சிறு துகள்களைச் சிதறடிக்கும். பிரான்சின் கிரெனோபிளில் நடந்த சோதனையில் அப்படி ஒன்றுகூடச் சிக்கவில்லை. மாற்றத்துக்கான அலைவு நேரம், அதாவது மாற்றம் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதைக் காட்டும் அளவு, 8.6 கோடி நொடிக்கும் அதிகம் என்று 1994-இல் அறிவித்தார்கள்.