மனோரமாவின் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்த நடிகைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், மனோரமாவை நம் மிகப்பெரிய நடிப்புக் கலைஞர்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் அதை வாசித்துக் காட்டினேன். "ஆயிரம் படம், ஐந்து முதல்வர்கள், கின்னஸ். இதைத்தானே எல்லாரும் சொல்கிறார்கள்? நான் பார்த்த படங்களில் அவர் கத்திக்கொண்டேதான் இருக்கிறார்" என்றாள். எனக்கு ஆச்சியை ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆயிரம் படங்கள் என்பது உழைப்பின் கணக்கு. அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ஆர் என்று ஐந்து முதல்வர்களோடு மேடையிலும் திரையிலும் வேலை செய்தார் என்பது காலத்தின் தற்செயல். இரண்டும் உண்மைதான், ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை இவை சொல்வதில்லை. 2015 அக்டோபரில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை இந்த எண்களோடு நின்றுவிட்டன. எனக்கு அது அப்போதே வருத்தமாக இருந்தது.

மன்னார்குடியில் 1937இல் பிறந்த கோபிசாந்தா வளர்ந்தது காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். அம்மா வீட்டுவேலை செய்து வளர்த்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதையொட்டி மேடையேறினார், மனோரமா என்ற பெயரும் நாடகம் கொடுத்ததுதான். பின்னர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம், 1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'. கதாநாயகி கனவோடு வந்தவருக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகியானால் சில வருடங்கள்தான், நகைச்சுவையில் கடைசிவரை நிற்கலாம் என்று கண்ணதாசன் சொன்னதை அவர் பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதன் எடை தெரிய, அவருக்கு முன்னால் இருந்த நிலையைப் பார்க்கவேண்டும். டி.ஏ.மதுரம் மகத்தான நகைச்சுவைக் கலைஞர், கணவர் என்.எஸ்.கிருஷ்ணன் சிறையிலிருந்தபோது குடும்பத்தையும் வழக்கையும் நாடகக் குழுவையும் தாங்கியவர். ஆனாலும் நாம் சொல்வது 'என்.எஸ்.கே–மதுரம்' என்றுதான். எம்.சரோஜா என்றால் உடனே தங்கவேலு. சிரிக்கவைக்கும் பெண்ணுக்கு ஒரு ஜோடி வேண்டும், அந்த ஜோடியின் பெயர்தான் முதலில் வரும். மனோரமாவுக்கும் ஜோடிகள் இருந்தார்கள், நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் என்று. ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் அப்படியே இருந்தார். ஒருவரின் பாதியாக இல்லாமல் தனிப்பெயரோடு அரைநூற்றாண்டு நின்ற முதல் பெண் நகைச்சுவைக் கலைஞர் அவர்தான் என்பது என் எண்ணம். அவரைப் 'பொம்பளை சிவாஜி' என்று பாசத்தோடுதான் சொன்னார்கள். எனக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை. சிவாஜியின் கருவி முகமும் உடலும். மனோரமாவின் கருவி காது.

தெருவில் போகிற ஒரு பெண்ணின் பேச்சை, அதன் இழுப்போடும் மூச்சோடும் அப்படியே வாங்கிவைத்துக்கொள்ளும் காது. 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் 'வா வாத்தியாரே வூட்டாண்ட' பாட்டை அவரே பாடினார். தஞ்சை மண்ணில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர், மெட்ராஸ் பாஷையில் பாடுகிறார். ஒரு எழுத்துகூட இரவல் வாங்கியதுபோல இல்லை.

அதே 1968இல்தான் 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி, பத்மினி, டி.எஸ்.பாலையா, நாகேஷ் என்று ஒவ்வொருவரும் ஆளை விழுங்கக்கூடியவர்கள். அதற்குள் ஜில் ஜில் ரமாமணியாக, ஊர் ஊராகப் போகும் நாடகக்காரியாக வருகிறார். பெரிய வித்வானிடம் அவருடைய நாதஸ்வரத்தைப் பற்றி அவள் கேட்கும் கேள்விகளில் சங்கீத ஞானம் துளிகூடக் கிடையாது. எளிதாகக் கோமாளியாகிவிடக்கூடிய இடம். ஆனால் அவள் அசட்டுப்பெண் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. அந்தக் குழைவுக்குள் ஒரு தொழில்காரியின் கௌரவம் இருக்கிறது, இன்னொரு கலைஞனைக் கண்ட சந்தோஷம் இருக்கிறது. மேடையில் வளர்ந்தவருக்கு ரமாமணியைத் தேடிப்போகத் தேவையில்லை. அவர்களோடுதான் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

இனி அந்தக் கத்தல். கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று நாடகத்தில் பழகிய தொண்டை அது. பல இயக்குநர்கள் அந்தத் தொண்டையை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். காமெடி டிராக்குக்கு இரண்டு நாள் கால்ஷீட், வசனத்தைக் கூச்சலாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அந்தப் படங்களை நானும் தாண்டித்தான் போகிறேன். ஆயிரத்தில் கணிசமானவை அப்படித்தான், அதை மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் 'சம்சாரம் அது மின்சார'த்தில் (1986) கண்ணம்மாவும் கத்துகிறாள். அவள் அந்த வீட்டின் வேலைக்காரி. சம்பந்தியிடம் வீட்டுக்காரர்கள் பேசமுடியாததை அவள் பேசுகிறாள். 'கம்முனு கெட' என்பதைத் தமிழ்நாடே சொல்லிச் சிரித்தது. எஜமானர்களை வாயடைத்து உட்காரவைத்துவிட்டு, நடுக்கூடத்தில் நின்று ஒரு வேலைக்காரி நியாயம் கேட்கிறாள். நாம் சிரிப்பது அவளைப் பார்த்து அல்ல, அவள் பக்கம் நின்று. வேறு யாராவது நடித்திருந்தால் வேலைக்காரியின் பேச்சே கேலிப்பொருளாகியிருக்கும். பள்ளத்தூரில் வீடுவீடாக வேலைசெய்த ஒரு அம்மாவின் மகள் அதை நடிக்கும்போது அது நடக்காது. எனக்கு ஆச்சியைப் பிடிக்கும் காரணம் இதுதான். நாடகக்காரி, வேலைக்காரி, கிழவி என்று நம் சினிமா எளிதாகக் கேலி செய்துவந்த பெண்களை அவர் சிரிப்புக்குள் கொண்டுவந்தார், சிறுமைப்படுத்தாமல். 'சின்னக் கவுண்ட'ரில் அந்தத் துருத்திய பல்லை வைத்துக்கொண்டும் அவர் ஒரு தாயாகத்தான் இருக்கிறார்.

'புதிய பாதை'க்கு (1989) தேசிய விருது கிடைத்தது, 2002இல் பத்மஸ்ரீ. நல்லதுதான். ஆனால் மகளுக்கு விருதுகளிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ரமாமணி வரும் காட்சிகளைப் போட்டுக்காட்டுங்கள். ஒருமுறை பார்த்தபிறகு, கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை கேட்கச் சொல்லுங்கள். கண்ணம்மாவை அதற்குப் பிறகு பார்க்கட்டும். உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்