அம்மா என்ன சாப்பிட்டார்?

கேள்வி: எனக்கு 34 வயது, ஈரோடு. இரண்டு வருடம் முன்பு சீலியாக் நோய் என்று டாக்டர் சொன்னார். கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது. அதற்கு முன்பிருந்தே நான் வீகன், பால், தயிர், நெய், தேன் கிடையாது. மலை, அருவி, நடை என்றால் எனக்கு உயிர், ஆனால் வெளியே கிளம்பினாலே சாப்பாட்டுப் பிரச்சினைதான். ஹோட்டலில் சொன்னால் புரிவதில்லை. அண்ணன் "சாமியாரம்மா வந்தாச்சு" என்று கிண்டல் செய்கிறார். போன மாதம் கணவர் வேன் பிடித்தார், அண்ணன் குடும்பத்தோடு சேர்ந்து கொல்லிமலை போனோம். அம்மா மூன்று மணிக்கே எழுந்து எனக்குத் தனியாகவும், மற்றவர்களுக்குச் சப்பாத்தி குருமா, தயிர்சாதமும் கட்டினார். அங்கே குரங்குத் தொல்லை என்பதால் சாப்பாட்டுப் பைகளோடு அம்மா வேனிலேயே இருந்துகொண்டார், நாங்கள் ஆகாய கங்கை அருவிக்குப் போய் வந்தோம். அருமையான நாள். ஆனால் சாப்பிடும்போது மறுபடி கிண்டல், எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிசம்பரில் மூன்று நாள் கொடைக்கானல் போவதாகப் பேச்சு. அம்மா எல்லாம் கட்டித் தருகிறேன் என்கிறார், எனக்குத்தான் மனசு வரவில்லை. பேசாமல் வீகன் நண்பர்கள் குழுவோடு தனியாகப் போய்விடலாமா? நிம்மதியாக ஊர் சுற்றி, நிம்மதியாகச் சாப்பிட வழி சொல்லுங்கள்.

பதில்:

சகோதரி, அன்றைக்கு உங்கள் அம்மா என்ன சாப்பிட்டார்? எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்?

கடிதம் முழுக்கச் சாப்பாடுதான். அண்ணன் சொன்ன கிண்டல் வார்த்தை மாறாமல் இருக்கிறது, யாருக்கு என்ன கட்டினார்கள் என்பது இருக்கிறது, இது மட்டும் இல்லை. உங்களைப் போலக் கட்டுப்பாட்டுச் சாப்பாட்டோடு ஊர் சுற்றுகிறவர்களின் கடிதம் எனக்கு அடிக்கடி வரும். சர்க்கரைக்காரர்கள், வெங்காயம் பூண்டு தொடாதவர்கள், ஒவ்வாமைக்காரர்கள் என்று எல்லாருக்கும் முதலில் வேண்டியிருப்பது ஆறுதல். அதை உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். நான் அந்த வேனைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்கி, ஆசை தீரக் குளித்து, மூச்சு வாங்க ஏறி வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்த ஒரு பெண்மணி, நிறுத்தின வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உங்கள் சாப்பாட்டுக்குக் காவல் இருந்திருக்கிறார். எழுபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே வந்து அவர் பார்த்தது முன் சீட்டின் முதுகை! இதை நீங்கள் "இருந்துகொண்டார்" என்று எழுதுகிறீர்கள். அவராக விரும்பி இருந்துகொண்டாராம். அடுத்த வரியிலேயே "அருமையான நாள்" என்றும் எழுதுகிறீர்கள்.

முட்டி வலிக்குப் படி ஆகாது என்று சொல்வீர்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். படி தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. பைகளை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அம்மாவைக் கோயிலில் உட்காரவைத்து, ஆளுக்குக் கொஞ்ச நேரம் கூட இருந்திருக்கலாம். வேன் பிடித்த உங்கள் கணவர் இருந்திருக்கலாம், கிண்டலுக்கு நேரம் இருக்கிற உங்கள் அண்ணன் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை. குரங்கு வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அம்மாவும் ஊர் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது தெரியவில்லை.

என் அம்மா எங்களோடு ஐந்து தடவை குற்றாலம் வந்தார். ஐந்து தடவையும் எங்கள் துண்டு, மாற்றுத்துணி, கழற்றிக் கொடுத்த கம்மல், வாட்ச் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். "நீங்க குளிங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார், நாங்களும் குளித்தோம். அவர் போன பிறகு ஒரு நாள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா ஒரு தடவைகூட அருவியில் தலை நனைக்கவில்லை என்பதே எங்களுக்கு உறைத்தது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கன்றுக்குச் சேரவேண்டிய பாலை நாம் எடுத்துக் குடிக்கக் கூடாது என்று விட்டவர் நீங்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இரக்கம் தொழுவம் வரை போயிருக்கிறது, வழியில் இருக்கிற அடுப்படியில் ஒரு நிமிடம் நிற்கவில்லை. முப்பத்துநாலு வயதில் தனக்கென்று ஒரு சாப்பாட்டு முறையை வைத்துக்கொண்டவர் அதைத் தன் கையால் செய்துகொள்ள வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. பெற்றவள் செய்து தருவாள், செய்து தந்துகொண்டே இருப்பாள், முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். சொல்லாததால்தான் நாம் பார்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

இப்போது கிண்டல் விஷயம். நீங்கள் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டி வீட்டார் முன்னால் வைத்துவிட்டீர்கள். சீலியாக் ஒரு நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உங்கள் உடம்பே உங்கள் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சாப்பிட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கும், வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் மருந்து. வீகன் என்பது நீங்களாக எடுத்துக்கொண்ட கொள்கை. இரண்டையும் சேர்த்து "எனக்கு இது ஆகாது, அது ஆகாது" என்று சொன்னால் உங்கள் அண்ணன் எல்லாவற்றையும் விரதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். உட்காரவைத்துத் தனியாகச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோ பொருளில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம்! சப்பாத்தியில் பட்ட கரண்டி உங்கள் சாதத்தில் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு அப்போது புரியும். நோய் என்று தெரிந்தும் கிண்டல் செய்கிற அண்ணன் இருந்தால் அவரைத் திட்ட நான் தயார். ஆனால் நீங்கள் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அதே காரணத்துக்காகத்தான் அம்மா இரண்டு விதமாகக் கட்டியதும் தப்பு. விடியற்காலை, ஒரே அடுப்படி, ஒரு பக்கம் சப்பாத்தி மாவு பறக்கிறது, இன்னொரு பக்கம் உங்களுடைய தனிச் சாப்பாடு. அதில் என்ன தனி? நம் கட்டுச்சோற்றில் பாதிக்கு மேல் பாலும் இல்லாதது, கோதுமையும் இல்லாதது. புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லி, எள்ளுருண்டை, கடலைமிட்டாய், வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்ட அவல், எல்லாரும் இதையே சாப்பிடட்டுமே. அண்ணனுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் புளியோதரை கசக்குமா என்ன?

பெருங்காயத்தில் மட்டும் கண்ணாக இருங்கள். கடையில் வாங்குகிற பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். சாம்பார்பொடி, இட்லிப்பொடி பாக்கெட் என்றாலும் இதே கதைதான். பச்சைப் புள்ளியைப் பார்த்து வீகன் என்று நம்பிவிடாதீர்கள், பால் சேர்த்த பண்டத்துக்கும் பச்சைப் புள்ளிதான்.

ராத்திரி மூன்று மணிக்கு யாரும் எழ வேண்டியதும் இல்லை. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே நீங்கள் காய்ச்சி வையுங்கள். இட்லிக்கு முந்தின நாள் நீங்களே அரையுங்கள், உளுந்தும் அரிசியும் கிரைண்டரில் போட ஒரு தாய் வேண்டியதில்லை. புறப்படுகிற காலையில் சாதம் வடிப்பது உங்கள் கணவர் வேலை. பழமும் கடலையும் அண்ணன் வீட்டார் பொறுப்பு. தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் ஊசிப்போகும், தண்ணீர் விடாமல் வதக்கி அரைத்த துவையல் தாங்கும். வாழையிலையில் கட்டுங்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை, மலையில் கெடுபிடி அதிகம், அதோடு இலையில் கட்டின புளியோதரையின் வாசனை டப்பாவில் வராது. தயிர் வேண்டும் என்கிறவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் தயிர் வரட்டும். அம்மா தயிர் போட்டுக்கொண்டால் அதைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது. உங்கள் கொள்கை உங்கள் இலையோடு நிற்கட்டும்.

ஹோட்டலில் புரியவில்லை என்கிறீர்கள். "குளூட்டன் ஃப்ரீயா, வீகனா" என்று கேட்டால் பரிமாறுகிற தம்பிக்கு எப்படிப் புரியும்? அவருக்குப் புரிகிற பொருளைச் சொல்லிக் கேளுங்கள். இதில் மைதா, கோதுமை, ரவை போட்டிருக்கிறதா, நெய் ஊற்றியிருக்கிறதா, தோசை ஊற்றுகிற கல்லில்தான் புரோட்டாவும் போடுகிறீர்களா? இப்படிக் கேட்டால் பெரும்பாலும் நேர்மையாகப் பதில் வரும். ஒரே கல் என்றால் அந்தத் தோசை உங்களுக்கு வேண்டாம். பூரி பொரித்த எண்ணெயில் போட்ட பஜ்ஜியும் வேண்டாம், கடலை மாவுதானே என்று எடுத்துவிடாதீர்கள். சாம்பாரில் பெருங்காயம், பொங்கலில் நெய். ஆவியில் வெந்த இட்லியை வாங்கி, கையோடு கொண்டுபோன பொடியைத் தொட்டுச் சாப்பிடுவதுதான் உங்களுக்குத் தைரியமான சாப்பாடு, அதுவும் அந்த மாவில் வேறு எதுவும் சேர்க்கவில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகு. அப்புறம், வீகனுக்கு வைட்டமின் பி12 குறையும், உங்கள் குடல் ஏற்கெனவே அடி வாங்கியது. டாக்டரிடம் கேட்டு அந்த மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

தனியாகப் போகலாமா என்று கேட்டீர்கள். இந்த டிசம்பரில் கூடாது என்றுதான் சொல்வேன். நண்பர்களோடு வேறொரு மாதம் தாராளமாகப் போங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இப்போது போனால் அது கிண்டலுக்குப் பயந்து ஓடுவது, போன மாதத்துக் கடனை அடைக்காமல் ஓடுவதும்கூட. அம்மாவைக் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போங்கள்.

கொடைக்கானல் அதற்கு நல்ல ஊர். 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், அதைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள வீடாகப் பிடியுங்கள், இட்லித் தட்டும் குக்கரும் உங்களுடையதையே எடுத்துப்போங்கள், அங்கே இருக்கிற பாத்திரத்தில் யார் என்ன பிசைந்தார்களோ. கோக்கர்ஸ் வாக் என்கிற மலையோர நடைபாதை ஒரு கிலோமீட்டர்தான், முட்டி வலிக்காரரும் நின்று நின்று நடக்கலாம். ஏரியைச் சுற்றி நடந்தால் ஐந்து கிலோமீட்டர், அம்மாவால் முடிகிற வரை நடக்கட்டும், முடியாத இடத்தில் எல்லாரும் கூடவே உட்காருங்கள். மலைவாழைப்பழம் வாங்குங்கள். சுட்ட சோளக்கதிரில் எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள், வெண்ணெய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேகவைத்த கடலையைப் பொட்டலமாக வாங்கிக் கையில் சூடு ஏறப் பிடித்துக்கொண்டு, பனி விலகுமா என்று பார்த்துக்கொண்டே தின்பதில் இருக்கிற சுகத்துக்குத் தனி மெனு எதுவும் தேவையில்லை. பால் விடாத சுக்குமல்லிக் காபியில் கருப்பட்டி போட்டு ஃபிளாஸ்க்கில் எடுத்துப்போனால் அண்ணனும் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

அங்கேயும் குரங்கு உண்டு. இந்தத் தடவை சாப்பாட்டை மூடி இறுகுகிற எவர்சில்வர் தூக்கில் போட்டு வேனில் வைத்துப் பூட்டுங்கள். அம்மா "நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்" என்பார். கட்டாயம் சொல்வார். சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்து அவர் இறங்குகிற வரை நில்லுங்கள்.