தூணுக்குப் பின்னால் நின்று கேட்ட றொக்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மல்லாவியைச் சேர்ந்தவன். சில வருடங்களாகக் கைத்தொலைபேசியில் மட்டுமே கேட்டுவந்த ஒரு றொக் இசைக்குழு கொழும்பில் ஒரு கிளப்பில் வாசிக்கப்போகிறது என்று அறிந்து, முன்கூட்டியே ரிக்கற் எடுத்து, மாங்குளத்தில் பஸ் ஏறிப் போனேன். எட்டு மணிக்குத் தொடங்கும் என்றார்கள். பத்தரைக்குத்தான் மேடையில் வெளிச்சம் வந்தது. கையைத் தூக்கக்கூட இடமில்லாத சனம். எனக்குக் கிடைத்தது ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கும் இடம். ட்றம்ஸும் பேஸும் நெஞ்சில் இடித்தன. பாடகர் பாடியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு மனப்பாடமான பாட்டையே பாதி போன பிறகுதான் அடையாளம் கண்டேன். வெளியே போய்ச் சற்று மூச்சு விடலாம் என்றால், பின்கதவைப் பூட்டி அதன் முன்னால் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் வீட்டுக்கு வந்த பிறகும் காது இரைந்துகொண்டிருந்தது.

"உதெல்லாம் ஒரு பாட்டே, வெறும் சத்தம்" என்று அப்பா சொல்லுவார். அவர் சொல்வதுதான் சரியோ? அல்லது கூத்தும் மேளமும் கேட்டு வளர்ந்த வன்னிக் காதுக்கு இந்த இசை ஒத்துவராதோ? மார்கழியில் அதே குழு மீண்டும் அங்கே வாசிக்கிறது. போகலாமா?

தங்கள் வாசகன்,
மல்லாவி

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அப்பாவின் பக்கம் சாய்ந்து ஒரு பதில் எழுதுவது எனக்கு மிக எளிது. இதைப் படிப்பவர்களில் பலர் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சுமார் 300 கிலோமீற்றர் பயணம் செய்து போயும் அன்றிரவு அந்தக் குழுவின் இசை உங்கள் காதுக்கு வந்து சேரவேயில்லை. வந்து சேராத இசையைப் பற்றி நீங்களோ அப்பாவோ தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

தூணுக்குப் பின்னால் பேஸ் மட்டும் வந்து குரல் வராமல் போனதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அதிர்வு, அளவிலான தாழ்ந்த ஒலியின் அலை ஏறத்தாழ 7 மீற்றர் நீளமுடையது. அது தூணையும் மனிதர்களையும் சுற்றிக்கொண்டு எங்கும் போய்விடும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகளின் கூர்மையோ பெரும்பாலும் 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது, அங்கே அலையின் நீளம் ஒரு சாண்கூட வராது. அதைத் தூண் மறைக்கும். முன்னால் நிற்பவர்களின் உடலும் உடுப்பும் உறிஞ்சிக்கொள்ளும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய மண்டபத்தில் ட்றம்ஸுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை, கிற்றாருக்கு மேடையில் அதற்குரிய ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது. ஒலிவாங்கியையும் மண்டபத்து ஒலிபெருக்கிகளையும் நம்பியிருப்பது பாடகரின் குரல் மட்டுந்தான். அதை ஓரளவுக்கு மேல் உயர்த்தினால் 'கூ' என்று இரையத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, ஒலியைச் சரிபார்ப்பது மாலையில், மண்டபம் வெறுமையாக இருக்கும்போது. அங்கே கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய பிறகு அந்தச் சரிபார்ப்பில் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை.

சன நெரிசலையே குற்றமாகச் சொல்லவும் நான் விரும்பவில்லை, ஏனென்றால் இந்த இசை வளர்ந்ததே அப்படியான இடங்களில்தான். லிவர்பூலில் கவர்ன் என்ற செங்கல் நிலவறையில் பீற்றில்ஸ் குழுவினர் 1961 முதல் 1963 வரை முந்நூறு தடவைக்குச் சற்றுக் குறைவாக வாசித்தார்கள். வியர்வையும் புழுக்கமும் நிறைந்த அந்த அறையில்தான் அவர்கள் ஒரு குழுவாகத் தேறினார்கள். அதே குழு 1965 ஓகஸ்ற் 15 அன்று நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஏறத்தாழ 55,000 பேருக்கு முன்னால் வாசித்தபோது, கூச்சலுக்கு மேலாகத் தாங்கள் வாசிப்பதே தங்களுக்குக் கேட்கவில்லை. மேடையில் நிற்பவருக்குத் தன் குரலைத் திருப்பிக் கேட்கச்செய்யும் ஒலிபெருக்கி அப்போது வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அடுத்த வருடம் ஓகஸ்ற் மாதம் சான் பிரான்சிஸ்கோவோடு அவர்கள் இசைப் பயணங்களையே நிறுத்திக்கொண்டார்கள். கேட்க முடியாத இடத்தில் வாசிப்பவர்களுக்கும் சலிப்புத் தட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். முக்கால் மணித்தியாலத்தில் உங்கள் குழு இறங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இரண்டரை மணித்தியாலத் தாமதத்துக்கு மட்டும் நான் எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன். காத்திருப்பவர்கள் குடிப்பார்கள், குடிப்பவர்களால்தான் கிளப் நடக்கிறது.

வன்னிக் காது என்று ஒரு சந்தேகத்தை எழுப்பியிருக்கிறீர்கள். கோவில் திருவிழாவில் நான்கு தவில்களுக்கு முன்னால் நின்று கேட்டவர்கள் எவரும் சத்தம் தங்களுக்குப் பழக்கமில்லை என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் பனைமரத்து ஒலிபெருக்கி எழுப்பும் சத்தத்தைப் பக்தி என்று ஏற்றுக்கொள்ளும் நாங்கள் றொக்கை மாத்திரம் சத்தம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலன் கொலைப்படுவான் என்று களரியைச் சுற்றி இருக்கும் கிழவிக்கும் குழந்தைக்கும் தெரியும், பாட்டில் பாதி அவர்களுக்கு மனப்பாடம். இருந்தும் சொல் தெளியாமல் பாடுகிறவரை அவர்கள் விட்டுவைப்பதில்லை. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் எவ்வளவு உரத்து ஒலித்தாலும் பாட்டு அதற்கு மேலே நிற்கவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். நாற்புறமும் ஆட்கள் இருக்கும் வட்டக்களரியில் ஆடுபவர் சுற்றி வந்து பாடுவதால், ஒருவருக்கு முதுகு காட்டியவர் சற்று நேரத்தில் அவருக்கு முகம் காட்டுவார். 'ஒரு சொல்லும் விளங்கவில்லை' என்ற உங்கள் முறைப்பாடு அப்படி வளர்ந்த காதிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் அருகில் துள்ளியவர்கள் சந்தோஷமாகவே வீடு திரும்பியிருப்பார்கள். அவர்கள் தேடி வந்தது கூட்டத்தை, அது அவர்களுக்குக் கிடைத்தது. நீங்கள் பாட்டைத் தேடிப் போனீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்த அந்தப் பின்கதவுதான். 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் வெஸ்ற் வோர்விக் நகரில் ஒரு றொக் கிளப்பில், மேடையில் கொளுத்திய வாணத்திலிருந்து சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் தீப்பற்றியது. பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த வாசலையே தேடி ஓடி அங்கே ஒருவர் மேல் ஒருவராகச் சிக்கிக்கொண்டார்கள். 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரத்துக் கிளப்பில் ஏறத்தாழ அதே விதமான தீயில் இறந்தவர்கள் 242 பேர். அங்கே வெளியேற ஒரே வழிதான் இருந்தது. இரண்டு இடங்களிலும் பலரைக் கொன்றது நச்சுப் புகை. ரிக்கற்றை அளவுக்கு மேல் விற்றுவிட்டுக் கதவையும் அடைத்து வைக்கிற ஒருவருக்குத் தன் வாடிக்கையாளர்களின் பாட்டைப் பற்றி அக்கறை இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்ததுதான் அதிகம்.

காது இரைச்சலையும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நியமத்தின்படி, இசையரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. இரைச்சல் ஓரிரு நாளில் தணிந்துவிடும் வகையானால் சரி. இன்னும் இருக்குமானால் காது வைத்தியரிடம் காட்டுங்கள்.

மார்கழிக்குப் போகலாம் என்றே சொல்வேன். காதில் வைக்க நுரைப்பஞ்சு அடைப்பான் ஒரு சோடி வாங்கிக்கொள்ளுங்கள். கதவு திறந்தவுடன் உள்ளே போய், ஒலிக்கலவை செய்பவர் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக வருவதையே எல்லோருக்கும் அனுப்புகிறார் என்பதால், எந்த மண்டபத்திலும் அநேகமாக நல்ல இடம் அதுதான். அதற்கு முதல், பின்கதவைப் பற்றியும் எத்தனை பேரை உள்ளே விடுவார்கள் என்பதைப் பற்றியும் ஏற்பாட்டாளர்களுக்கு இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். தெளிவான பதில் வரும்வரை ரிக்கற் எடுக்க வேண்டாம்.

அன்புடன்.