புதைந்த எண்ணெய்த் தொட்டியை அகற்ற யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் தோட்டத்தில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கான எஃகுத் தொட்டி ஒன்று புதைந்திருக்கிறது. இப்போது எரிவாயுவுக்கு மாறிவிட்டோம். தொட்டியை அகற்ற மூன்று ஒப்பந்தக்காரர்கள் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கேட்கும் தொகை மற்ற இருவர் கேட்பதில் பாதிதான். அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: தொகையை ஒப்பிடுவதற்கு முன், மூன்று மதிப்பீடுகளிலும் மண் பரிசோதனை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதித் தொகைக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நீங்கள் பணம் கொடுப்பது தொட்டியை வெளியே எடுப்பதற்கு மட்டுமல்ல. அதன் அடியில் இருக்கும் மண் சுத்தமானது என்பதற்கான சான்றுக்கும் சேர்த்துத்தான்.

புதைத்த எஃகுத் தொட்டியை ஈரமண் வெளியிலிருந்தும், அடியில் தேங்கும் நீர் உள்ளிருந்தும் அரிக்கும். தூக்கி வெளியே வைத்ததும் அது பல நேரங்களில் பார்வைக்கு முழுதாகவே இருக்கும். அடிப்பக்கத் துருவைச் சுரண்டினால்தான் குண்டூசி முனை அளவுத் துளைகள் தெரியவரும். அப்படிப்பட்ட ஒரு துளை வழியே, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமலே, எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கசிந்திருக்கக்கூடும். ஆகவே குழியை மூடுவதற்கு முன், தொட்டி கிடந்த இடத்தின் இரு முனைகளின் அடியிலிருந்தாவது மண் மாதிரி எடுத்து, ஒப்பந்தக்காரருக்குத் தொடர்பில்லாத, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வறிக்கை நேராக உங்களுக்கே வரவேண்டும். எண்ணெய் கலந்து மண் கெட்டிருந்தால் அதை அகற்றும் வேலையும் பெரும்பாலும் அதே ஒப்பந்தக்காரருக்குத்தான் போகும் என்பதால், மண்ணின் நிலையை அவர் வாய்மொழியாகச் சொல்வது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், போதாது. மாதிரி எடுக்காமல் அன்று மாலையே குழியை நிரப்பிவிட்டால், பிறகு சந்தேகம் வரும்போது மறுபடியும் தோண்டத்தான் வேண்டும்.

கெட்ட மண் கிடைத்தால் என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்குங்கள். வேலையை அங்கேயே நிறுத்தி உங்களிடம் சொல்ல வேண்டும். அகற்றும் மண்ணுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை குறிக்க வேண்டும். உங்கள் கையெழுத்தில்லாமல் தோண்டுவதைத் தொடரக் கூடாது. செலவு கைமீறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒப்பந்தக்காரரின் காப்பீட்டிலும் கவனம் வேண்டும். அவரது வேலையால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் சாதாரணப் பொறுப்புக் காப்பீடு, பல நேரங்களில் மாசுபாட்டால் வரும் இழப்பை ஏற்பதில்லை. மாசுபாட்டுக்கென்று தனிக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, அது நடப்பில் உள்ளதா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமே உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்ளாட்சி அனுமதியை யார் பெறுவது, நிலத்தடி மின்கம்பிகளையும் எரிவாயுக் குழாய்களையும் யார் அடையாளமிடச் செய்வது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது எஞ்சிய எண்ணெயை உறிஞ்சி எடுத்து, உள்ளே தேங்கிய ஆவியை வெளியேற்றி, தொட்டியை வெட்டித் திறந்து கசடை வழித்தெடுத்த பிறகே அதை அப்புறப்படுத்துவார்கள். காற்றின் தரத்தைக் கருவியால் அளக்காமல் ஓர் ஆளைத் தொட்டிக்குள் இறக்கும் ஒப்பந்தக்காரரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது. எண்ணெய் ஊற்றும் குழாயும் காற்றுப்போக்கிக் குழாயும் முழுமையாக அகற்றப்பட்டனவா என்று நீங்களே பார்ப்பது நல்லது. தொட்டியை எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் சுவரில் விட்டுவைத்த வீடுகளில், பழைய முகவரிப் பட்டியலைப் பார்த்து வந்த வண்டி எண்ணெயை நிலவறைத் தரையில் கொட்டிவிட்டுப் போனதுண்டு. எண்ணெய் விநியோகத்தை ரத்துசெய்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டியை வெளியே எடுக்காமல், சுத்தம் செய்து மணலோ நுரையோ நிரப்பி அங்கேயே விட்டுவிடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்தால் சில இடங்களில் அதற்கு அனுமதி உண்டு. உங்களுடையது தோட்டத்தில் இருப்பதால் எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அடியில் உள்ள மண்ணைப் பார்க்க அதுதான் நேரான வழி.

ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு பகுதியை, ஆய்வக அறிக்கையும், தொட்டியும் கசடும் முறைப்படி ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீதும் கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவர் கேட்கப்போவதும் இந்தத் தாள்களைத்தான்.