பென்டா ஊசிக் காய்ச்சல்: புது மருந்து வரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் மகளுக்கு 6-வது வாரம் பென்டா (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) போட்டோம். அன்று ராத்திரியே 102 டிகிரி காய்ச்சல், தொடை வீங்கி ஒரே அழுகை. இப்போது 10 வாரம், 5 கிலோ இருக்கிறாள். அடுத்த ஊசியே வேண்டாம் என்கிறார் மாமியார். கிருமியையே மாற்றிக் காய்ச்சல் வராத ஊசி தயாரிக்கிறார்களாமே, அது வரும்வரை பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வருகிற புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுங்கள். அது தடுக்கும் நோய்களில் ஒன்று கக்குவான் இருமல். இந்த வயதில் அது வந்தால் இருமல்கூட இல்லாமல் மூச்சு நின்று நீலம் பாரிக்கும்.

பென்டாவில் இருப்பது கொல்லப்பட்ட முழு கக்குவான் கிருமி. அதன் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற கொழுப்புப் பொருள்தான் காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்புகிறது. ஆனால் உடம்பை உசுப்பி நல்ல எதிர்ப்பு சக்தி வரச் செய்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் அடியோடு எடுத்துவிடாமல் கொஞ்சம் தணிக்கப் பார்க்கிறார்கள்.

அது லேசில் நடக்கிற வேலை அல்ல. அந்தக் கொழுப்பிலிருந்து ஒரு அமிலச் சங்கிலியை வெட்டும் பேக்எல் என்ற நொதியைக் கிருமிக்குள் புகுத்திப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. பிரித்தெடுத்த எண்டோடாக்சினின் வீரியம் குறைந்திருந்தது. முழு கிருமியாகச் சோதித்தாலோ கூடியிருந்தது! உறையிலிருந்து எண்டோடாக்சின் அதிகமாகக் கழன்று வெளியேறியது ஒரு காரணமாக இருக்கலாம். பின்னர் வந்த ஆய்வுகளில் சங்கிலியின் நீளத்தையே குறைத்தார்கள். இன்னொரு வழி, கக்குவான் நச்சுப் புரதத்தில் 9, 129 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் அமினோ அமிலத்தை மாற்றுவது. நஞ்சு போகும், உருவம் கெடாது. நஞ்சை முறிக்க ஃபார்மலின் என்ற வேதிப்பொருளைப் போட்டால் உருவமும் சிதையும். தாய்லாந்தில் இந்த வகை ஊசி இருக்கிறது. ஆனால் இப்படி மாற்றிய எதுவும் பென்டாவுக்குப் பதிலாக உங்கள் ஊருக்கு வரவில்லை.

தனியாரில் 'வலியில்லா ஊசி' என்பார்கள். குத்துகிற வலி அதிலும் உண்டு, காய்ச்சல்தான் குறைவு. முழு கிருமி இல்லாமல் சில புரதங்கள் மட்டும் இருப்பதால் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. அதைப் போட்டால் பூஸ்டரைத் தவறவிடக் கூடாது.

இந்த முறை காய்ச்சல் வந்த பிறகு மட்டும் பாராசிட்டமால் கொடுங்கள், முன்கூட்டியே வேண்டாம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் உங்கள் மகளுக்கு 75. ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தானால் 0.75 மில்லி; 5 மில்லிக்கு 125 உள்ள சிரப்பானால் 3 மில்லி. தவறு நடப்பதே இங்குதான்: சிரப் அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நாலு மடங்கு போய்விடும். பாட்டிலில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. தொடையைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். குளிர்ந்த ஈரத்துணி போதும்.

வலிப்பு, துவண்டு வெளுத்துப்போதல், 3 மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, 2 நாள் தாண்டியும் காய்ச்சல் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. போன முறை அப்படி ஏதும் இருந்திருந்தால், ஊசி போடும் முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.