தேனீ மகரந்தம்: கேட்டவர்களுக்கு ஒரு தேனீக்காரரின் பதில்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் தென்னந்தோப்பில் பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறேன். படித்தது வேதியியல். தேனீ மகரந்தம் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

அண்ணாச்சி, கடையில் மஞ்சள் உருண்டையாக விற்கிறார்களே, அது தேனிலிருந்து எடுப்பதா? (வள்ளியூர்)

இல்லை தம்பி, தேன் வேறு, இது வேறு. பூவில் புரண்டு வரும் தேனீயின் மேலெல்லாம் மகரந்தத் தூள் அப்பியிருக்கும். அதைக் காலால் வழித்து, வாயிலிருந்து கொஞ்சம் தேன் சேர்த்துப் பிசைந்து, பின்னங்கால் இரண்டிலும் உருண்டையாக ஒட்டிக்கொண்டு பறக்கும். காலையில் பெட்டி வாசலில் உட்கார்ந்து பாருங்கள். தென்னம்பாளைக்குப் போனது வெளிர்மஞ்சளோடு வரும், சூரியகாந்திக்குப் போனது ஆரஞ்சோடு வரும். ஒரு தடவை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும் என்பதால் நிறம் கலக்காது. வாசலில் துளைத் தகடு மாட்டினால், நுழையும்போது உருண்டை உதிர்ந்து கீழே தட்டில் விழும். அதை உலர்த்தித்தான் விற்கிறார்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் தன்மை எதனால் வருகிறது சார்? (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா. ஆன்டிஆக்சிடன்ட் என்றால், தனி எலக்ட்ரானோடு அலைந்து செல்லைக் கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் பொருள். மகரந்தத்துக்குள் இருப்பது செடியின் அடுத்த தலைமுறைக்கான ஆண் செல். வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து அதைக் காக்கச் செடி சேர்த்து வைக்கும் பொருள்களில் முக்கியமானவை ஃபிளவனாய்டுகள். குவர்செட்டின், கெம்ஃபெரால், ஐசோராம்னெட்டின் மூன்றும் மகரந்தத்தில் அடிக்கடி காணப்படுபவை. பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய நிலையில் இருக்கும். கூமாரிக் அமிலம், கஃபெயிக் அமிலம் போன்றவை ஸ்பெர்மிடின் என்ற நைட்ரஜன் சேர்மத்தோடு இணைந்து ஃபீனாலமைடுகளாக இருக்கும். ஆரஞ்சு நிறத்துக்குப் பெரும்பாலும் கேரட்டில் இருப்பது போன்ற நிறமிகளான கரோட்டினாய்டுகள் காரணம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். ஃபிளவனாய்டு, ஃபீனாலமைடு மூலக்கூறுகளின் கார்பன் வளையத்தில் ஒட்டியுள்ள ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி) தொகுதி, அலைந்து திரியும் ஃப்ரீ ராடிக்கலுக்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அடக்கிவிடும். கொடுத்த மூலக்கூறும் ராடிக்கலாக மாறும், ஆனால் அந்தத் தனி எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவிவிடுவதால் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. குவர்செட்டினின் மூன்று வளையங்களில் பி எனப்படும் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில், கெம்ஃபெராலில் ஒன்றுதான். சோதனைக் குழாயில் குவர்செட்டின் முந்துவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

பாக்கெட்டில் ‘ஓஆர்ஏசி அளவு மிக அதிகம்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (தென்காசி)

ஓஆர்ஏசி என்பது ஒரு பொருள் ஃப்ரீ ராடிக்கலை எவ்வளவு அடக்குகிறது என்று காட்டும் எண். அது சோதனைக் குழாயில் கிடைப்பது. உணவுப் பொருள்களின் ஓஆர்ஏசி பட்டியலை வெளியிட்டு வந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012இல் அதை விலக்கிக்கொண்டது. அந்த அளவை வைத்து உடம்புக்குள் இன்ன பலன் என்று சொல்ல முடியாது, விற்பவர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் காரணம். குடலில் ஏறுவது கொஞ்சம், அதையும் கல்லீரல் உருமாற்றிவிடும். எண்ணைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் தோட்டம் முழுக்க முருங்கை. எங்கள் மகரந்தம் உசத்தியா அண்ணாச்சி? (திசையன்விளை)

பூவுக்குப் பூ மாறும், அதனால் சோதிக்காமல் உசத்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் முருங்கைக்கீரையிலேயே குவர்செட்டினும் கெம்ஃபெராலும் தாராளமாக இருக்கின்றன. அந்தச் சத்துக்காகத்தான் என்றால் தினம் ஒரு கைப்பிடி கீரை போதும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அப்படியே மெல்லலாமா? (கல்லிடைக்குறிச்சி)

மகரந்தத்தின் வெளிச்சுவர் ஸ்போரோபொலனின் என்ற பொருளால் ஆனது. செடி உலகத்தில் அதைவிடக் கெட்டியான பொருள் அரிது, நம் வயிற்றுக்கும் லேசில் உடையாது. தேனீக்களே இதைக் கூட்டின் மெழுகு அறையில் திணித்துத் தேன் சேர்த்து வைத்துத்தான் பெரும்பாலும் தின்கின்றன. நாமும் இரவே தண்ணீரிலோ மோரிலோ ஊறப்போடுவது நல்லது.

மொட்டைமாடியில் காயவைக்கலாமா? (நாங்குநேரி)

நம்ம ஊர் வெயிலில் வேண்டவே வேண்டாம். வெயில் பட்டால் கரோட்டினாய்டு வெளிறிப்போகும். அதற்காக ஈரத்தோடும் வைக்கக் கூடாது. புது மகரந்தத்தில் 20 முதல் 30 சதவீதம் தண்ணீர், இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். வெளிச்சம் படாமல், 40 டிகிரிக்கு மேல் போகாத உலர்த்தியில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சுகர் மாத்திரையை விட்டுவிட்டு இதைச் சாப்பிடலாமா? (சேரன்மகாதேவி)

கூடாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும் அண்ணாச்சி? (ராதாபுரம்)

ஆஸ்துமா, மகரந்த அலர்ஜி உள்ளவர்கள் தொடவே வேண்டாம். மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்தான நிலை வரை போனவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வாயில் போடக் கூடாது.

நாலு பெட்டி வைத்திருக்கிறேன். எவ்வளவு எடுக்கலாம்? (களக்காடு)

முதலில் சுற்றிலும் என்ன பூக்கிறது என்று பாருங்கள். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு, அவை மகரந்தத்திலும் வரும். அந்தச் செடிகள் மண்டிக் கிடக்கும் இடத்தில் எடுக்காதீர்கள்.

அப்புறம், நம்மிடம் இருப்பது இந்தியத் தேனீ. கூட்டம் சிறியது, தீனிக் குறை வந்தால் பெட்டியையே விட்டு ஓடிவிடும். புழு வளர்க்க அதற்குக் கிடைக்கும் ஒரே புரதம் மகரந்தம்தான், அதை நாம் அள்ளிக்கொண்டால் குஞ்சுக்கு எங்கே போகும்? பூப்பு உச்சத்தில் இருக்கும்போது, கூட்டம் நிறைந்த பெட்டியில் மட்டும், காலையில் சில மணி நேரம் தகட்டை மாட்டிக் கழற்றிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தைத் தூக்கிப் பாருங்கள். சின்னப் புழுக்கள் பால் போன்ற உணவில் மிதந்தால் சரி. அறை காய்ந்திருந்தால் இந்தப் பருவம் முழுக்க மறுபடி மாட்டாதீர்கள்.