வானத்தில் பட்டை விழுகிறதா? கலர் பேண்டிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சாயங்கால வானத்தை எடுத்தேன். கலர் கிரேடிங் (நிறத்தையும் ஒளியையும் திருத்துவது) செய்ததும் வானம் பட்டை பட்டையாகப் பிரிகிறது. ஏன்?

பதில்: 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். உங்கள் வானம் அதில் 40 படிக்குள் அடங்கியிருக்கிறது என்று வையுங்கள். 1920 பிக்சல் அகலத்துக்குப் பரப்பினால் ஒரு படிக்கு 48 பிக்சல். கான்ட்ராஸ்டை ஏற்றும்போது புதுப் படிகள் முளைக்காது, இருக்கிற படிகளின் உயரம் கூடும். அதைத்தான் பார்க்கிறீர்கள். 10 பிட்டில் 1024 படிகள் உண்டு, நன்றாகவே தாங்கும். கேமராவில் 8 பிட் மட்டும்தான் என்றால் தயவுசெய்து லாக் (Log) முறையில் எடுக்காதீர்கள். அது கான்ட்ராஸ்ட் குறைந்த மங்கலான படம், பிறகு கான்ட்ராஸ்டை நிறைய ஏற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: அந்த கிளிப்பை 10 பிட் புரோரெஸாக (எடிட்டிங்குக்கான உயர்தர வீடியோ வடிவம்) மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. போன படிகள் திரும்பி வராது.

கேள்வி: சரி, எடுத்தது எடுத்தாயிற்று. இனி என்ன வழி?

பதில்: முதலில் புராஜெக்டை 16 அல்லது 32 பிட்டுக்கு மாற்றுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நீங்களே வரைந்த கிரேடியன்டுகளுக்கும் இது கட்டாயம். அப்புறம் வானத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து) டீபேண்ட் ஃபில்டர், அதாவது பட்டைகளை மென்மையாக்கும் ஃபில்டர் கொடுங்கள். முழு ஃபிரேமுக்கும் கொடுத்தால் முகத்தில், துணியில் உள்ள நுணுக்கமெல்லாம் மழுங்கிவிடும். கடைசியாகக் கொஞ்சம் கிரெயின், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள். இதைத்தான் பலர் தயங்கித் தவிர்க்கிறார்கள், ஆனால் உண்மையான மருந்து இதுவே. பட்டையின் விளிம்பில் இருபக்கப் பிக்சல்களும் கலைந்து கலப்பதால் கண்ணுக்குக் கோடு கிடைக்காது, சராசரி நிறம்தான் தெரியும். டீநாய்ஸ் (புள்ளி இரைச்சலை நீக்குவது), பிளர் எல்லாம் முடிந்த பிறகே கிரெயின் சேருங்கள், இல்லாவிட்டால் அவை அதைத் துடைத்துவிடும்.

கேள்வி: டைம்லைனில் நன்றாக இருக்கிறது, எக்ஸ்போர்ட் செய்தால் பட்டை திரும்பி வருகிறதே?

பதில்: கம்ப்ரெஷன் உங்கள் கிரெயினைத் தின்றுவிட்டது. இருட்டான, சமதளமான பகுதிகளில்தான் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) அதிகம் மிச்சம் பிடிக்கும். பிட்ரேட்டை (ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவிடும் டேட்டா அளவை) உயர்த்துங்கள். பார்ப்பவர்களின் கருவி தாங்குமென்றால் 10 பிட் எச்இவிசி (HEVC, எச்.265 சுருக்க வடிவம்) நல்லது. எக்ஸ்264 (x264) என்கோடர் பயன்படுத்தினால் அதன் அமைப்புகளில் ஏக்யூ மோட் (aq-mode) 3 வையுங்கள், இருண்ட இடங்களுக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும். இணையத்தில் ஏற்றினால் அங்கே இன்னொரு முறை சுருக்குவார்கள், அதனால் கிரெயின் சற்றுத் தடிமனாகவே இருக்கட்டும்.

கேள்வி: ஒருவேளை என் மானிட்டரில் மட்டும்தான் இப்படியோ?

பதில்: இருக்கலாம். விலை குறைந்த பல திரைகள் உள்ளுக்குள் 6 பிட்தான். எடிட்டிங் மென்பொருளில் வேவ்ஃபார்ம் ஸ்கோப்பை (படத்தின் ஒளி அளவுகளை வரைபடமாகக் காட்டுவது) திறந்து பாருங்கள். வானம் வழவழப்பான சரிவாகத் தெரிந்தால் குறை திரையில். படிக்கட்டாகத் தெரிந்தால் வீடியோவிலேயே இருக்கிறது.